மாலை போட்ட படம்

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எவருக்கும் தெரியாத ஒரு மனிதரின் படத்துக்கு நான் மாலை போட்டுவிட்டேன். கொம்பியூட்டரில்தான் போட்டேன், ஆனாலும் போட்டது போட்டதுதான். அந்தப் படத்தை அவருடைய தாய் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் நின்றார்.

நான் வெள்ளவத்தையில் ஒரு சின்ன அச்சுக் கடையில் வேலை செய்கிறேன். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் கடை இருக்கிறது. போட்டோகொப்பி எடுப்போம், லெமினேட் பண்ணுவோம், படிவம் நிரப்பிக் கொடுப்போம், கலியாணக் கார்ட் அடிப்போம். ஆனால் கடை ஓடுவது செத்தவர்களால்தான் என்று முதலாளி ஐயா பகிடியாகச் சொல்வார். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து ஆட்கள் அதிகம். ஒரு வீட்டில் சாவு நடந்தால் அன்றைக்கே சுவரில் ஒட்ட அறிவித்தல் வேண்டும். பிறகு முப்பத்தோராம் நாளுக்கு நினைவஞ்சலி. அதோடு இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, தேவாரமும் சேர்த்து ஒரு சிறு புத்தகம் போடுவார்கள், அதற்குக் கல்வெட்டு என்று பெயர். அதன் பின் வருடா வருடம் ஆண்டு நினைவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். பதினொரு வருடமாக நான் படங்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா கொச்சிக்கடையில் சரக்கறைகளில் மூட்டை தூக்கியவர். அவருக்கு இடுப்பு போனதும் என்னை வேலைக்கு அனுப்பினார்கள். படிப்பு இல்லை என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. எந்த வேலையையும் மூன்று தரம் வாசித்துத்தான் வெளியே விடுவேன். கடைக் கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மகள் டியூஷன் முடிந்து வரக் கால் மணித்தியாலம் பிந்தினால் நாலு தரம் போன் எடுப்பேன். அவள், "அம்மா, நான் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கேன், பஸ்ஸ நான் ஓட்டல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட நானே இதைக் கவனிக்காமல் விட்டேன்.

அந்த வேலையைக் கொண்டுவந்தவள் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நிற்கும் பெண். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி. அடையாள அட்டைக் கொப்பி எடுக்க அவள் அடிக்கடி வருவாள், முகம் பழக்கம். அந்த வியாழக்கிழமை ஒரு பென்ட்ரைவோடு வந்தாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சில சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள் என்றாள். பன்னிரண்டு பேரின் படங்கள், ஆளுக்கு ஒன்றாகப் பெரிதாக அடித்து, கையில் பிடிக்கிற மாதிரி லெமினேட் செய்து தரவேண்டும். கூட்டம் தங்கள் ஆட்களுக்காக இல்லை, கொழும்பில் இருக்கிற மற்றவர்களுக்காக என்றாள். இதெல்லாம் வடக்குப் பக்கம் எங்கேயோ நடந்தது என்றுதான் இங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பென்ட்ரைவை வாங்கிக் கொம்பியூட்டரில் குத்தினேன்.

படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒன்றில் வந்ததும், "இது என்ர அவர்" என்றாள். வெள்ளைச் சேட்டு போட்டவர், பின்னால் வெள்ளைச் சுவர், மெல்லிய மீசை. கலியாணம் முடித்து எட்டு மாதத்தில், வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இதே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறார்கள். ஒரு பின்னேரம் போன் கார்ட் வாங்கி வருகிறேன் என்று இறங்கியவர் திரும்பவில்லை. ஒரு வெள்ளை வானில் அவரை ஏற்றியதைக் கண்டதாகப் பழக்கடைக்காரர் சொன்னாராம், பிறகு தான் ஒன்றும் காணவில்லை என்றாராம். மகனைத் தேட யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமியார் திரும்பிப் போகவே இல்லை. அன்றிலிருந்து மாமியும் மருமகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். பொலிஸ், ஆணைக்குழு, புதுக்கடையில் கோட்டு வழக்கு என்று இரண்டு பேரும் ஏறாத படி இல்லை. அந்த லொட்ஜ் எங்கள் கடையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்தது. இப்போது அதில் அழகுக் கலை நிலையம். நான் அதன் முன்னால் தினமும் நடந்து போகிறேன்.

எங்கள் கடையில் ஒருவரும் வெறும் பக்கத்தில் வேலை தொடங்குவதில்லை. அளவு சரியான பழைய வேலை ஒன்றைத் திறந்து, அதில் படத்தையும் பெயரையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்போம். அந்த அளவில் எங்களிடம் இருந்ததெல்லாம் நினைவஞ்சலிகள். பதினொரு படங்களுக்கு நான் மாலை, விளக்கு எல்லாவற்றையும் அழித்துச் சுத்தம் செய்த பக்கத்தைத்தான் பயன்படுத்தினேன். இந்தப் படம் மட்டும் வெளிறிப் போயிருந்தது, வெள்ளைச் சேட்டு வெள்ளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. முகம் எடுப்பாக வரட்டும் என்று கடும் நீலப் பின்னணி உள்ள இன்னொரு பழைய வேலையைத் திறந்தேன். அதில் படத்தைச் சுற்றிச் செவ்வந்தி மாலை, கீழே இரண்டு குத்துவிளக்கு, அதற்கும் கீழே ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கும் வரி. பக்குவமாக அழிக்க நேரம் இல்லை. அவற்றின் மேல் அதே நீலத்தில் கட்டங்கள் போட்டு மூடினேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று தரம் பார்த்தேன். பெயரை வாசித்தேன், ஊரை வாசித்தேன். மூடியதற்குள் என்ன கிடக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

பெரிய அளவில் அடிக்கிற மெஷின் எங்களிடம் இல்லை. மாளிகாவத்தையில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புவோம். அங்கே திறந்தபோது என் நீலக் கட்டங்கள் கீழே போய்விட்டன, மாலை மேலே வந்துவிட்டது. ஏன் அப்படி ஆகும் என்று பிறகு எனக்கு இரண்டு பேர் விளக்கினார்கள். இன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. வழக்கமாக வேலை திரும்பி வந்ததும் நான் விரித்துப் பார்ப்பேன். அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல், மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். பார்சல் பின்னேரம் வந்து, முதலாளி ஐயா அதைக் கையோடு அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்.

என் வீடு கொட்டாஞ்சேனையில்தான். மண்டபம் பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பெயர் ஏதும் பிழையாக வந்திருக்குமோ என்ற பதற்றத்தில்தான் போனேன். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

நான் போனபோது கூட்டம் தொடங்கிவிட்டது. கதவோரம் நின்றேன். மேடைக்குக் கீழே குடும்பங்கள் வரிசையாகப் படங்களை முன்பக்கம் காட்டிப் பிடித்தபடி நின்றன. முதலாவது சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனேன். ஏழாவதில் செவ்வந்தி தெரிந்தது.

அந்த மாலையை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் நினைவஞ்சலிக்கு நானே பூப்பூவாக வெட்டி ஒட்டியது. அது இப்போது அந்த வெள்ளைச் சேட்டுக்காரரின் முகத்தைச் சுற்றிக் கிடந்தது. கீழே இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. பிரார்த்தனை வரி பளிச்சென்று தெரிந்தது. கதவின் கொண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தாய் எழுபது வயதைத் தாண்டியவர், சிறிய உருவம். படத்தை இரண்டு கையாலும் நாடிக்குக் கீழே பிடித்திருந்தார். வரிசையில் நின்ற பிறகுதான் சுருளை விரித்துக் கையில் கொடுத்திருப்பார்கள், படம் வெளிப்பக்கம் பார்த்தது. அவருக்குத் தெரிந்தது அதன் வெள்ளை முதுகு மட்டும்தான். மண்டபத்தில் இருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவர் ஒருவரைத் தவிர. முன்வரிசையில் இரண்டு ஆண்கள் எழுந்து, தலையைக் குனிந்து, பிறகு உட்கார்ந்தார்கள். தாய் அதைப் பார்த்துத் தானும் தலையை ஆட்டினார். மகனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

மருமகள் அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் ஓர் அம்மா பேசினார். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி அவருடைய வீடு. மகனை வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். தங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, புதுக்கடைக்கு வழக்குத் தவணைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட வந்து கோட்டு வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார். இத்தனை வருடத்தில் ஒருவரும் வந்ததில்லை, பயம்தானே, குறை சொல்லவில்லை என்றார். அவருடைய தெருவில்தான் நான் மீன் வாங்குகிறேன். வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சே என்னை உலுக்கியிருக்கும். அன்றைக்கு அது ஒரு காதால் போனது. என் கண் முழுக்கச் செவ்வந்தியில் இருந்தது.

பேச்சு முடிந்ததும் சனங்கள் எழுந்து வரிசைக்குக் கிட்டப் போய்ப் படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் வெளியே ஓடி, மூலைக் கடையில் வெள்ளைத் தாளும் பசையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏதாவது சொல்லி, படத்தை ஒரு நிமிடம் வாங்கி, ஓரங்களை மூடிவிடலாம் என்பது என் கணக்கு. நான் கிட்டப் போவதற்குள் ஒரு சிங்கள அம்மா தாயின் முன்னால் வந்துவிட்டார். மண்டபத்துத் தெருவில் இருப்பவர், வெள்ளைப் பூ ஒன்று கையில் இருந்தது. பூவைப் படத்தின் மேல் ஓரத்தில் வைத்து, கும்பிட்டு, சிங்களத்தில் மெதுவாக, மகன் எப்போது இறந்தார் என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

தாய்க்குச் சிங்களம் தெரியாது. ஆனால் பொலிஸிலும் கோட்டிலும் எத்தனையோ பேர் அவரிடம் சொன்ன, இறந்தவர் என்கிற அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். பூவைப் பார்த்தார். பிறகு படத்தைத் திருப்பினார்.

மாலையை அடையாளம் காண மூக்குக்கண்ணாடி தேவையில்லை.

அழுவார், விழுவார் என்று நினைத்தேன். அவர் பெருவிரல் நகத்தால் விளக்கின் சுடரைச் சுரண்டினார். லெமினேட் செய்த தாள், நகம் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவும் சுரண்டினார். உப்புத்தாளை உரசுவது போல ஒரு சத்தம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"இது ஆர் செய்தது?" என்று கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "நான்தாம்மா. கடையில நான்தான் செஞ்சேன். தெரியாம வந்திருச்சு."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஆரைக் கேட்டு மாலை போட்டனீ? பெத்தனான் நான். நானே இன்னும் போடேல்லை."

நான் தாளையும் பசையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை. படத்தையும் விடவில்லை. கடைசியில் அவர் பிடித்துக்கொண்டிருக்க, நான் முழங்காலில் நின்று வெள்ளைத் தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டினேன். மாலை மறைந்தது, விளக்கு மறைந்தது, முகம் மட்டும் மிஞ்சியது. அவசரத்தில் ஒரு துண்டு அவருடைய மகனின் காதிலும் ஒட்டிவிட்டது. அவர் அதை மட்டும் தன் விரலால் எடுத்துவிட்டார். பிறகு கூட்டம் முடியும் வரை அந்தப் படத்தோடு நின்றார்.

நான் வெளியே போகும்போது கூட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் வழியில் நிறுத்தினார். எந்த ஊர், எந்தக் கடை, எத்தனை வருடம், இதை யார் சொல்லிச் செய்தது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். இப்படித்தான் முன்பும் ஒரு கூட்டத்தில் நடந்தது, யாரோ ஆளை வைத்துக் குழப்பினார்கள் என்றார். என் அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தை எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மருமகள் தலை நிமிரவில்லை. அவரிலும் பிழை சொல்லமாட்டேன். அவருடைய அண்ணாவின் படமும் அந்த வரிசையில் இருந்தது. ஆனால் வீடு வரும் வரை அதுவே மனதில் ஓடியது. என்னைப் போய், கூலிக்கு ஆள் சொல்லி மாலை போட்டவள் என்று நினைத்துவிட்டார்களே.

திங்கட்கிழமை காலை முதலாளி ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அதெப்பிடித் தங்கச்சி? அந்தப் பிள்ளை சனிக்கிழமை இதிலதானே நிண்டு எல்லாத்தையும் ஒவ்வொண்டா விரிச்சுப் பார்த்தது. பார்த்துப்போட்டுச் சரி எண்டு சொல்லித்தானே கொண்டு போனது."

ஒரு படம் விடாமல் பார்த்தாளா என்று கேட்டேன். பன்னிரண்டையும் எண்ணினாள் என்றார். மேசையின் எந்தப் பக்கத்தில் நின்று விரித்தாள் என்றுகூடக் காட்டினார்.

இரண்டு நாள் அதுவே தலைக்குள் சுற்றியது. அவள் பார்க்காமல் விட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தன் புருசனின் படத்தையா பார்க்காமல் விடுவாள் என்று இன்னொரு மனம் கேட்டது. மற்றப் பதினொன்றையும் விட்டாலும் அந்த ஒன்றை விரித்துப் பார்க்காமல் இருப்பாளா? ஐயாவுக்கு மறதி என்று நினைத்துப் பார்த்தேன். அவருக்கு மறதி இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். ஐயா சாப்பிடப் போயிருந்தார். அடையாள அட்டையை நீட்டி ஒரு கொப்பி என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். நான் கேட்காமலே சொன்னாள்.

"ஓம் அக்கா. நான் கண்டனான். கண்டுபோட்டுத்தான் சுருட்டினனான்."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன்.

அவள் அழவில்லை. குரலைத் தாழ்த்தி, கணக்கு ஒப்புவிப்பது போலக் கதைத்தாள். சனிக்கிழமை அந்தப் படத்தை விரித்ததும் தலை சுற்றியதாம். ஐயாவைக் கூப்பிட வாயெடுத்தாளாம். அப்போது, இது இப்படியே போகட்டும் என்று ஓர் எண்ணம் வந்ததாம். அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியுமாம். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாதாம், ஆனால் நாலைந்து வருடமாகத் தெரியுமாம். அதை மாமியிடம் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. விடிய எழும்பியதும் மாமி முதலில் பார்ப்பது அவளுடைய நெற்றியைத்தானாம். பொட்டு இருக்கிறதா என்று. கனடாவில் இருக்கிற அவளுடைய அண்ணா கூப்பிடுகிறார். படிவத்தில் கலியாணமானவர் என்று கீறுவதா, விதவை என்று கீறுவதா என்று தெரியாமல் அது இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது.

"நான் சொல்ல ஏலாததை அந்தப் பேப்பர் சொல்லட்டும் எண்டு விட்டன் அக்கா. ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும். மண்டபத்துக்கு வந்தாப் பிறகுதான் விளங்கினது நான் என்ன வேலை செய்தனான் எண்டு. அவ நகத்தால சுரண்டினவ, கண்டனீங்கள்தானே."

கண்டேன் என்றேன்.

அவள் கொப்பித் தாளை நாலாக மடித்தாள். பிறகு ஒரு மாதிரிச் சிரித்தாள். "நல்ல மாலை அக்கா. எங்கட கலியாணம் ஊரடங்குக்குள்ள பதிவெழுத்தோடயும் தாலியோடயும் முடிஞ்சது. அவருக்கு மாலையே போடேல்லை."

என்னுடைய பிழையால் ஒரு தாயின் நெஞ்சு உடைந்தது என்று மூன்று நாளாக என்னை நானே அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையை ஒருத்தி கண்ணால் கண்டு, தெரிந்துகொண்டே கையில் எடுத்துப் போயிருக்கிறாள். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அங்கே என்னை நிறுத்தி இலக்கம் எழுதிய நேரம் இவள் பக்கத்தில்தானே நின்றாள், ஒரு சொல் சொல்லவில்லையே என்று வந்தது. ஆனால் அவளுடைய நெற்றியைப் பார்த்தபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமிக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டாள். மாமிக்கு இப்போது இருப்பது இரண்டே இரண்டு, ஒன்று மகன் வருவான் என்பது, மற்றது மருமகளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது. நான் சொல்லமாட்டேன் என்றேன். சொன்ன நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பொய் வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அந்தத் தாயைக் கண்டதும் நான் எழுந்து பின்னறைக்குப் போகப் பார்த்தேன். அவர் அதற்குள் உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்து என் கதிரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரும்ப ஒரு படம் வேண்டும், தன் கண்ணுக்கு முன்னால் செய்யவேண்டும் என்றார். மருமகள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வெறும் பக்கத்தில் தொடங்கினேன். ஒன்றும் இல்லாத வெள்ளை. அதைக் காட்டி, பாருங்கம்மா, அடியில ஒண்ணும் இல்லை என்றேன். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். படத்தைப் போட்டேன். பெயரைப் போட்டேன். பழைய தாளில் இருந்தபடி வயது இருபத்தாறு என்று அடித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அது அப்ப, இப்ப நாற்பத்து மூண்டு, வாற ஆவணியோட நாற்பத்து நாலு என்றார். நான் நாற்பத்து மூன்று என்று மாற்றினேன். மெல்லிய மீசையோடு சிரிக்கிற அந்த இளம் முகத்துக்குக் கீழே நாற்பத்து மூன்று என்று வந்ததும் என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மருமகளின் மூச்சு கேட்டது.

வேலை முடிகிற நேரம் தாய் சொன்னார், "அண்டைக்கு அவையள் உன்னை ஆரோ ஏவி விட்டது எண்டு கதைச்சவை. நான் சொன்னனான், ஏவி விடுறவன் இவளையோ பிடிப்பான், மூஞ்சையைப் பாருங்கோ, கோழி களவெடுக்கவும் ஏலாத மூஞ்சை எண்டு."

நான் தலையைக் குனிந்தேன். அவர் விடவில்லை.

"ஒண்டு மட்டும் கேக்கிறன், உண்மையைச் சொல்லு. இவ்வளவு பெரிய மாலை. இந்தக் கடையில இருந்து மண்டபத்துக்கு வருமட்டும் அதை ஒருத்தருமே பாக்கேல்லையோ?"

பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். முதலாளி ஐயா மேசையில் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து அதற்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டார். மருமகள் அசையவில்லை. அவளுடைய கை தாலிக் கொடியில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "ஒருத்தரும் பாக்கல. நான்தான் பாத்திருக்கணும்."

தாய் என் முகத்தையே பார்த்தார். எனக்குள் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. பிறகு அவர் பார்வையை எடுத்து, திரும்பி, தன் மருமகளைப் பார்த்தார். அவள் நெற்றியைப் பார்த்தாரா, கண்ணைப் பார்த்தாரா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

"சரி" என்றார் என்னிடம். "இனி வேற ஒருத்தரிட்டையும் குடாத. இவளின்ர கையில குடு. இவள் விரிச்சுப் பார்த்துத்தான் வாங்குவாள்."

அந்த வெள்ளிக்கிழமை படம் வந்தது. நான் முதலில் விரித்துப் பார்த்தேன், மூன்று தரம். பின்னேரம் அவள் தனியாக வந்தாள். சுருளை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் வைத்து, நாலு மூலைக்கும் எங்கள் ஸ்டேப்ளர், பசைப் போத்தல், இரண்டு பேனைக் கட்டுகளை வைத்து, முழுதாக விரித்தாள். வெள்ளை ஓரம், முகம், பெயர், நாற்பத்து மூன்று. மேலிருந்து கீழே பார்த்தாள். ஓரங்களை விரலால் தடவினாள். ஐயா கடையைப் பூட்ட விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவருக்குக் கையைக் காட்டி, அந்த ஒரு விளக்கை மட்டும் விடச் சொன்னேன்.